ஊர் சுற்றிக் காட்டும் முன் உட்கார இடம் பாருங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்த வாரமும் மே மாத நடுவிலும் என் சிகிச்சை அறைக்கு ஒரே மாதிரியான நோயாளிகள் வரிசையாக வருவார்கள். வெளியூரிலிருந்து மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ வந்த பெரியவர்கள். முழங்கால் வீங்கியிருக்கும், கணுக்கால் கனத்திருக்கும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். கூட வரும் பிள்ளையின் முகம் வாடிப்போயிருக்கும். "ஊரைச் சுற்றிக் காட்டலாம் என்றுதான் அழைத்துப் போனோம் மேடம்" என்பார்கள். சென்னையில் 18 ஆண்டுகளாக இயன்முறை மருத்துவம் செய்கிறேன். இந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு விடுமுறையும் கழிந்ததில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவர் 74 வயதுத் தமிழாசிரியை, பணி ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிப் பக்கம். காலை எட்டு மணிக்குக் கிளம்பி மயிலாப்பூர் கோயில், சாந்தோம் தேவாலயம், எழும்பூர் அருங்காட்சியகம், தியாகராய நகரில் துணிக்கடை, மாலையில் மெரினா மணல் என்று ஒரே நாளில் ஐந்து இடம் போயிருக்கிறார். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. மறுநாள் காலையில் வலது காலை ஊன்ற முடியவில்லை.

முழங்காலைப் பார்த்துக்கொண்டே, "அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு குடித்தீர்கள்?" என்று கேட்டேன். மகன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "போகிற இடத்தில் அவசரத்துக்கு எங்கே ஒதுங்குவது என்று தெரியாதே அம்மா. அதனால் குடிக்கவில்லை." காலையில் சாப்பிட வேண்டிய, உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையையும் விழுங்காமல் கைப்பையிலேயே வைத்திருந்திருக்கிறார். மகனுக்கு இது எதுவுமே தெரியாது.

முழங்கால் வலியைவிட எனக்குக் கவலை தருவது இதுதான். வெளியே கிளம்பும் நாளில் தண்ணீரைக் குறைப்பதும் மாத்திரையைத் தள்ளிப்போடுவதும் பெரியவர்களிடம், முக்கியமாகப் பெண்களிடம், சொல்லாமல் நடக்கும் பழக்கம். வயதானால் தாக உணர்வே மங்கிவிடும். அதோடு வேண்டுமென்றே குடிக்காமலும் இருந்தால் வெயிலில் ரத்த அழுத்தம் இறங்கி, உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போது கண் இருட்டும். விழுந்தால் இடுப்பெலும்பு. இதயக் கோளாறு உள்ளவர்கள் நீர் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தினால் கால் வீக்கத்தோடு மூச்சுத்திணறலும் வரும். பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம், "இந்த மாத்திரையை அன்று ஒரு நாள் வேறு நேரத்துக்கு மாற்றலாமா?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்துபோகும் சிக்கல் இது. தண்ணீரை அளந்து குடிக்கும்படி சொல்லப்பட்டவர்கள் அந்த அளவையும் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆகவே எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கழிப்பறையைக் காட்டுங்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள். மருமகனிடம் கேட்கக் கூச்சம், பேரனிடம் கேட்கக் கூச்சம். நீங்களே காட்டிவிடுங்கள். சுத்தமாக இருக்கிறதா, பிடித்துக்கொண்டு எழ ஏதாவது இருக்கிறதா, மேற்கத்திய வகையா, படி ஏற வேண்டுமா என்று நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து சொன்னால் போதும், பாதித் தயக்கம் விலகிவிடும்.

அடுத்தது நிற்பது. "எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்?" என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று விசாரியுங்கள். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. நின்றுகொண்டே இருந்தால் அந்த வேலை நடக்காமல் ரத்தம் காலில் தேங்கும், முதுகும் இறுகும். அரை மணி நேரம் மெதுவாக நடந்துவிடும் பெரியவரால் கோயில் வரிசையில் பத்து நிமிடம் நிற்க முடியாமல் போவது இதனால்தான். வீட்டிலேயே கவனித்துப் பாருங்கள். நின்று பேசிக்கொண்டிருக்கும்போது எத்தனை நிமிடத்தில் அவர் கை சுவரையோ மேசையையோ தேடுகிறது? அந்த நிமிடக் கணக்கை வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். மடக்கு முக்காலி ஒன்று வண்டியில் கிடக்கட்டும்.

படிக்கட்டில் ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கடினம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். மணலில் நடக்கக் கெட்டித் தரையைப்போல ஏறக்குறைய இரு மடங்கு உழைப்பு வேண்டும் என்பதை மெரினாவில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நாள் முழுக்கச் சுற்றிய கால்களைக் கடைசியாக அந்த மணலில் இறக்குகிறோம்.

சென்னையை உட்கார்ந்தபடியே நிறையப் பார்க்கலாம். காமராஜர் சாலையில் ஞாயிறு அதிகாலையில் காரில் மெதுவாகப் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் சேப்பாக்கம் அரண்மனை, செனட் மண்டபம், மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம். மறுபக்கம் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை, 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி நிறுவிய சிலைகள்: வள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதி, ஜி.யு. போப், கால்டுவெல், வீரமாமுனிவர், கண்ணகி. ஒரு படிகூட ஏறாமல் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

2015-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். காலை நெரிசல் தணிந்த பிறகு ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். கோயம்பேட்டிலிருந்து பரங்கிமலை வரை மேம்பாலப் பாதை. இருக்கைகள் பக்கவாட்டில் இருப்பதால் எதிர் சன்னல் வழியாகத்தான் ஊர் தெரியும் என்பது ஒன்றே குறை. எல்லா வாசலிலும் மின்தூக்கி இருக்காது. எந்த வாசலில் என்று முன்கூட்டியே கேட்டு வாடகைக் காரை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். பேருந்துதான் பிடிக்கும் என்பவர்களுக்கு 2024 முதல் மீண்டும் ஓடும் தாழ்தளப் பேருந்துகள் நல்லவை. தேவாலயம் இருக்கும் பரங்கிமலை உச்சிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் இருந்தாலும் வண்டிப் பாதையும் உண்டு. பக்தி மிகுதியில் படியில் ஏறியவர்களுக்கு நான் சிகிச்சை அளித்திருக்கிறேன்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பல கட்டடங்கள் கொண்ட வளாகம் அது. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று இழுக்காதீர்கள். வெண்கலச் சிலைக்கூடம் ஒன்று போதும். திருவெண்காட்டு அர்த்தநாரி முன்பு முக்காலி போட்டுப் பத்து நிமிடம் உட்காரவிடுங்கள். அந்தத் தலைமுறைக்கு அந்தச் சிலையைப் பற்றிச் சொல்ல நம்மைவிட நிறைய இருக்கும்.

கோயில் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். உச்சி வெயிலில் வெளிப் பிரகாரத்தைச் சுற்றிய ஒருவர் மறுநாள் காலுறையைக் கழற்றும்போதுதான், அது தோலோடு ஒட்டியிருப்பதைப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே உடைந்த கொப்புளம். கல் சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆனது. காலை ஒன்பதுக்குள் போய்வாருங்கள், தடித்த காலுறை அணிவியுங்கள், வீடு திரும்பியதும் இரண்டு பாதங்களையும் நீங்களே கையில் எடுத்துப் பாருங்கள். சர்க்கரை மாத்திரை போட்டவர்களின் சாப்பாட்டு நேரமும் தள்ளிப்போகக் கூடாது.

நடுவில் நெஞ்சு இறுக்கம், காரணமில்லாத வியர்வை, பேச்சில் குழப்பம் என்று எது தெரிந்தாலும் சுற்றுலாவை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். "கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்" என்று அவர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

அந்த ஆசிரியைக்கு ஆறு வாரம் பயிற்சி கொடுத்தேன். தொடைத் தசை தேறியது. ஊருக்குத் திரும்பும் முன் இன்னொரு முறை வெளியே போகலாம் என்று மகன் சொன்னபோது, "அம்மாவுக்கு என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டீர்களா?" என்றேன். அவர் விழித்தார். முதல் முறை யாரும் கேட்டிருக்கவில்லை. ஆசிரியை உடனே சொன்னார்: "கடற்கரையில் கால்டுவெல் சிலை இருக்கிறதாமே, அதைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்து இடையன்குடியில் வாழ்ந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டவர். பிறகு கடல்." அவ்வளவுதான். ஐந்து இடம் இரண்டாகக் குறைந்தது.

சக்கர நாற்காலி என்றதும் முகம் சுருங்கியது. "நான் என்ன நோயாளியா?" என்றார். அந்த வருத்தம் நியாயமானது, அதை அதட்டி அடக்கக் கூடாது. "உட்கார வேண்டாம், நீங்களே தள்ளிக்கொண்டு நடங்கள். பிடிமானமாக இருக்கும். களைத்தால் மட்டும் உட்காருங்கள்" என்றேன். ஒப்புக்கொண்டார். மருந்துக்கடையில் நாள் வாடகைக்கு எடுத்தார்கள். காரில் ஏறும்போது முதலில் இருக்கையில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பும்படி பழக்கியிருந்தேன்.

கால்டுவெல் சிலைக்கு எதிரே கடற்கரை உட்சாலையில் காரை ஓரங்கட்டி, சன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டிருக்கிறார்கள். இறங்காமலே கால் மணி நேரம் பார்த்தாராம், பேத்திக்குக் கால்டுவெல் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைப் பற்றி ஒரு வகுப்பே எடுத்தாராம். பிறகு விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே உள்ள மரப்பாதை. மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் மணலில் கால் புதையாமல் கடலை நெருங்குவதற்காக 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்து, பிறகு சீரமைக்கப்பட்டது. 263 மீட்டர். பாதி தூரம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடந்தார், மீதி தூரம் அதில் உட்கார்ந்து போனார்.

அன்று காலை மகன் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறார் ஆசிரியை. பின்னால் சக்கர நாற்காலியில் ஒரு காலித் தண்ணீர் பாட்டில் கிடக்கிறது. படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்: "முழுவதும் குடித்துவிட்டார்கள் மேடம். கழிப்பறையை முதலில் காட்டிவிட்டுத்தான் பாட்டிலைக் கொடுத்தேன்."