காற்றோட்ட உணரியா, காற்றுப்பாய்வு உணரியா?

டிரோன்மீது பாயும் காற்றின் திசையையும் வேகத்தையும் அளக்கும் கருவியை (airflow sensor), டிரோன்களைப் பற்றித் தமிழில் மொழிபெயர்த்த கட்டுரைகள் ‘காற்றோட்ட உணரி’ என்பதைப் பலமுறை கண்டும் பொறுத்திருந்தேன். அப்படியொரு கட்டுரையை வாசித்த பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “மோட்டார் சூடாகாமல் இருக்க வைத்த கருவியா இது?” என்று கேட்ட பிறகு பொறுக்க இயலவில்லை. பிழை அவளுடையதன்று. காற்றோட்டம் என்றதும் நமக்குத் தோன்றுவது சன்னல் திறந்த அறைதானே.

உணரி என்பதில் சிக்கலில்லை. உணர் என்னும் வினையடியில் பிறந்த கருவிப் பெயர் அது. அதற்கு நிகரான ஆங்கிலச் சொல்லும் அதே பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்ததே. வழக்கெல்லாம் முன்பகுதியைப் பற்றியது.

நீரோட்டம், மின்னோட்டம் போலக் காற்றோட்டமும் சரியே என்பார்கள். இலக்கணப்படி சரிதான், ஆனால் வழக்கு அச்சொல்லை எப்போதோ வீட்டுக்குள் குடிவைத்துவிட்டது. அறைக்குக் காற்றோட்டம் உண்டா, இல்லையா என்றுதான் கேட்கிறோம். எத்திசையில், என்ன வேகத்தில் என்று கேட்பதில்லை. இந்த உணரி அளப்பதோ அவ்விரண்டையும்தான். டிரோனின் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானியும் அதன் சுழற்சியை அளக்கும் சுழல்மானியும் காற்று தள்ளி டிரோன் அசைந்த பிறகே செய்தி சொல்லும். காற்று வந்து மோதும்போதே அதை அறிந்தால், சாய்வதற்கு முன்பே சுழலிகளின் வேகத்தை மாற்றிவிடலாம். வெளவாலின் இறக்கையில் உள்ள நுண்மயிர்கள் இப்படித்தான் உதவுகின்றன.

‘காற்றழுத்த உணரி’ என்பது இன்னும் பெரிய பிழை. உயரத்தை அறிய டிரோனில் ஏற்கெனவே இருக்கும் கருவியின் பெயர் அது. 1732-இல் பிரெஞ்சுப் பொறியாளர் பிட்டோ பாரிசின் சேன் ஆற்றில் நீரின் வேகத்தை அளக்கப் பயன்படுத்திய குழாயின் வழிவந்த கருவி அழுத்தத்தைக் கொண்டே வேகத்தை அறிகிறது என்பது உண்மைதான். ஆயினும் அவ்வழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது: நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 245 பாஸ்கல், 5 மீட்டரில் வெறும் 15. ஆகவே மெல்லப் பறக்கும் டிரோன்களுக்குச் சூடேற்றிய மென்கம்பி, மீசைமயிர் போன்ற உணரி என வேறு வழிகளையும் நாடுகிறார்கள். அவற்றையும் அழுத்தத்தின் பெயரால் அழைப்பது எப்படிப் பொருந்தும்?

‘காற்றுவீச்சு உணரி’ காதுக்கு இனிது. தமிழில் காற்று வீசத்தானே செய்கிறது. ஆனால் வீச்சு என்பதை இயற்பியல் அலைகளுக்கு எடுத்துக்கொண்டது. மேலும், இலை அசையாத வேளையில் மிதிவண்டியை வேகமாக ஓட்டினாலும் முகத்தில் காற்று அடிக்கிறதே, அதுபோல வீசாத காற்றினூடே டிரோன் பறக்கும்போதும் இந்த உணரிக்கு வேலை உண்டு. எனவே காற்றுப்பாய்வு உணரி என்பதே தகும். அம்பு பாயும், வெள்ளம் பாயும். பாய்வு என்றால் திசையும் வேகமும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

இதே மொழிபெயர்ப்பாளர்கள் டிரோனைத் திடீரென அலைக்கழிக்கும் காற்றை (gust) ‘சூறாவளி’ என்றும் எழுதுகிறார்கள். இலங்கை வாசகர் அதைப் புயல் என்றே கொள்வார். வானிலை அறிக்கை, “மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும்” என்னும்போது அந்த ‘இடையிடையே’ சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறது. திடீரென வலுத்து ஓயும் காற்று என்று நான்கு சொற்களில் எழுத இவர்களுக்கு என்ன தடை?