பார்த்தீனியம் களைச்செடி பிடுங்கப் போறீங்களா, மொதல்ல கைய மூடுங்க

போன மழை முடிஞ்சப்போ ஒருத்தர் கிளினிக்குக்கு வந்தார், பேங்க்ல ரிட்டயர் ஆனவர், ரெண்டு கண் இமையும் வீங்கி, கழுத்து மடிப்பெல்லாம் தோல் தடிச்சு கருத்துப் போய், ராத்திரி தூக்கமே இல்ல டாக்டர்னார். வெயில் அலர்ஜின்னு யாரோ சொல்லி சன்ஸ்கிரீன் தடவிட்டு இருந்திருக்கார். வெயில் மட்டும்னா காதுக்குப் பின்னாடி, தாடைக்கு அடியில எல்லாம் பெரும்பாலும் வராது, அங்கதான் வெயிலே படாதே, இவருக்கு அங்கயும் இருந்துச்சு, அப்போ காத்துல வந்து படியிற எதோ ஒண்ணுன்னு நினைச்சு ஞாயித்துக்கிழமை எங்க போவீங்கன்னு கேட்டேன். போனை எடுத்து வாட்ஸ்அப் போட்டோ காட்டினார். பார்க் க்ளீனிங், பத்து பதினஞ்சு பேர், ஆளுக்கு ஒரு கத்தை பார்த்தீனியத்தை வெறுங்கையில பொக்கே மாதிரி பிடிச்சுட்டு சிரிக்கிறாங்க, கத்தை முழுக்க வெள்ளைப் பூ.

"ரெண்டு வருஷமா பிடுங்குறேன், ஒண்ணும் ஆகலயே டாக்டர்?"

அதாங்க சிக்கலே. இந்தச் செடியில பார்த்தெனின்னு ஒரு கெமிக்கல், இலை மேல இருக்கிற பொடி முடியில கூட இருக்கு. தொடத் தொட உடம்பு அதை அடையாளம் பிடிச்சு வெச்சுக்கும், அப்புறம் ஒருநாள் காஞ்ச தூள் காத்துல வந்து பட்டாலே போதும். அதுவும் உடனே வராது, ஒண்ணு ரெண்டு நாள் ஆகும். ஞாயிறு பிடுங்கினா செவ்வாய் அரிக்கும், பழி திங்கக்கிழமை சாப்பிட்ட கத்திரிக்காய் மேல போயிடும்!

பூத்தப்புறம் பிடுங்குறது செடிக்கும் லாபம்தான், ஒரு செடி 15,000 விதைக்கு மேல கூட போடும், இழுத்துட்டுப் போற வழியெல்லாம் நாமளே விதைச்ச மாதிரி. மழை பெஞ்சு மண்ணு இளகியிருக்கும்போது, பூ வர்றதுக்கு முன்னாடி, வேரோட எடுங்க. ரப்பர் கிளவுஸ், முழுக்கை சட்டை, மாஸ்க், வீட்டுக்கு வந்ததும் குளிச்சுட்டு அந்தத் துணிய தனியா துவைங்க. ஆஸ்துமா, எக்ஸிமாங்கிற தோல் அரிப்பு நோய் இருக்கிறவங்க தயவுசெஞ்சு இந்த வேலைக்கே போகாதீங்க.

இவருக்கு எது அலர்ஜின்னு கண்டுபிடிக்கிற பேட்ச் டெஸ்ட்டை முதுகுல ஒட்டிப் பார்த்தோம், பார்த்தீனியம் வெச்ச இடம் நல்லா செவந்துடுச்சு. சாமந்தியும் அதே குடும்பம்ங்கிறதால பூஜைக்கு வாங்குற பூவையும் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னேன், அதுக்குத்தான் வீட்டம்மா என்னை முறைச்சாங்க. பார்க்குக்கு அவர் இப்ப போறதில்ல. ஆவாரை அடர்த்தியா வந்துட்டா பார்த்தீனியத்தை அமுக்கிடும்னு சொன்னதும் சொந்த ஊர்ல இருந்து விதை வரவழைச்சு, மொட்டமாடில காயவெச்சு, குரூப் பசங்க கையில குடுத்தனுப்புறார்.