மூன்று விநாடிக்கு முன்பே பாடிவிடும் மனோகரன்

போன மாதம் அப்பாவுக்கு இலங்கைப் பொப் பாடகர் ஏ.ஈ. மனோகரனின் பாட்டொன்றை ஃபோனில் போட்டுக் காட்டினேன். நல்ல சுத்தமான பிரதி. யாரோ பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்து யூடியூப்பில் ஏற்றியிருந்தார்கள். அரை நிமிடம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "என்ன, ஆள் இவ்வளவு அவசரப்படுறார்?" என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. வேகம் மட்டுமில்லை, பாட்டு திடீரென்று தொடங்கியதும் உறுத்தியது. எங்கள் வீட்டில் அந்தப் பாட்டு ஒருநாளும் திடீரென்று தொடங்கியதில்லை. முதலில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அதன் முதல் அடி மிக மெல்லிசாகக் கேட்கும். கொஞ்சம் பொறுத்துத்தான் உண்மையான பாட்டு வரும். சின்ன வயதில் அதுவும் பாட்டுத்தான் என்று நினைத்திருந்தேன்.

அலுமாரிக்குள் அந்தக் கசெட் இன்னும் கிடந்தது. எண்பதுகளில், பாட்டுகளின் பெயரைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்துப் பதிவு செய்து வாங்கியது. மனோகரன் பாட்டுகளோடு நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் அதில் உண்டு. எழுபதுகளில் இலங்கைத் தமிழ் வீடுகளுக்குள் பொப் இசையைக் கொண்டுவந்தவர்களில் முன்னால் நின்றவர்கள் இவர்கள் இருவரும். 'சுராங்கனி'யைப் பாடிய மனோகரனைப் பொப் இசைச் சக்கரவர்த்தி என்றே அழைத்தார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். இந்தப் பாட்டுகள் பலவற்றின் அடியில் ஓடுவது பைலா தாளம். போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கரோடும் தீவுக்கு வந்து சேர்ந்தது. ஆறு எண்ணிக்கை. அதை இரண்டு மூன்றாகவும் எண்ணலாம், மூன்று இரண்டாகவும் எண்ணலாம். கால் ஒரு கணக்கைப் பிடித்துக்கொள்ள, கை மற்றதைப் பிடித்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் போவது இதனால்தான்.

சரி, கசெட்டுக்கு வருவோம். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் இதை அறிமுகப்படுத்தியது. உள்ளே இருப்பது 3.81 மில்லிமீட்டர் அகலமான ஒரு பிளாஸ்டிக் நாடா. அதன் ஒரு பக்கத்தில் இரும்பு ஆக்சைடு பூசியிருக்கும். மண்ணிற மை பூசியதுபோலத் தெரிந்தாலும், உண்மையில் அது கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான துகள்களின் கூட்டம். ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிக் காந்தம். பதிவு செய்யும்போது, பாட்டு மின்னோட்டமாகி 'ஹெட்' என்கிற சிறிய மின்காந்தத்துக்குள் போகிறது. ஹெட்டின் முகத்தில் ஓர் இடுக்கு உண்டு. அதைத் தாண்டிப்போகும் துகள்களின் காந்தத்தன்மை, அந்தக் கணத்து ஒலிக்கு ஏற்றபடி திரும்பி அப்படியே நின்றுவிடுகிறது.

நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். பக்கத்துக்கு 30 நிமிடம் ஓடும் கசெட்டுக்குள் ஏறத்தாழ 86 மீட்டர் நாடா சுற்றிக் கிடக்கிறது. ஒரு விநாடியில் 10,000 தடவை அதிரும் கீச்சொலி ஒன்றின் ஒரு அலை, நாடாவில் 4.76 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடத்தைத்தான் பிடிக்கும். தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹெட்டில் கொஞ்சம் அழுக்குப் படிந்தாலே முதலில் சலங்கை ஒலி காணாமல் போவதும், தவில் மட்டும் மிஞ்சுவதும் ஏன் என்று புரிகிறதா?

திரும்பப் போடும்போது எல்லாம் தலைகீழாக நடக்கும். காந்தமான நாடா ஹெட்டைத் தாண்டி ஓட, உள்ளே இருக்கும் கம்பிச்சுருளில் சின்ன மின்னோட்டம் எழும். மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் கம்பிச்சுருளில் மின்சாரத்தைத் தூண்டும் என்று 1831இல் பாரடே கண்ட அதே விதிதான். இதை நினைவில் வைத்திருங்கள், சைக்கிள் ஒன்று வரப்போகிறது.

இப்போது அந்தக் கிணற்றுக் குரல். நாடா ஓடும்போது மட்டும்தான் பதிவு நடக்கும் என்று நினைக்கிறோம். ஓடாமல் அலுமாரிக்குள் கிடக்கும்போதும் ஒரு பதிவு நடந்துகொண்டுதான் இருக்கிறது. சுற்றுக்கு மேல் சுற்றாக நாடா இறுகிக் கிடக்கிறது. ஒரு சுற்றிலுள்ள காந்தம், அதற்கு மேலும் கீழும் ஒட்டிக்கொண்டிருக்கும் சுற்றுகளிலுள்ள துகள்களை மெல்ல மெல்லத் தன் பக்கம் திருப்பும். சத்தமான இடமென்றால் கூடுதலாகத் திருப்பும். நாடா மெல்லியதாக இருந்தாலோ, இடம் வெக்கையாக இருந்தாலோ வேலை இன்னும் சுலபம். ஓட்டுவீட்டு அலுமாரிக்குள் இரண்டுக்கும் குறைவில்லை. பொறியாளர்கள் இதை 'பிரிண்ட் த்ரூ' என்பார்கள். பாட்டுக்கு நடுவே இந்த நிழல் கேட்காது, பெரிய சத்தம் அதை மூடிவிடும். பாட்டுக்கு முன்னால் இருக்கும் வெறுமையில்தான் காதில் விழும்.

எவ்வளவு நேரம் முந்திக் கேட்கும் என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். நிழல் விழுவது சரியாக ஒரு சுற்றுத் தள்ளி. நிறையச் சுற்றிய நாடாவின் வெளிச்சுற்று கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் விட்டம், அதாவது சுற்றளவு 15.7 சென்டிமீட்டர். அதை 4.76ஆல் வகுத்தால் 3.3 விநாடி. அச்சுக்குப் பக்கத்தில் கிடக்கும் கடைசிப் பாட்டுக்கோ ஒன்றரை விநாடிதான். எங்கள் கசெட்டைக் கணினியில் ஏற்றி முதல் பாட்டை அலை வடிவமாகப் பார்த்தேன். வெறும் கோடாக இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்ன மேடு, அதிலிருந்து மூன்று விநாடி தள்ளி மனோகரன். அலுமாரியில் கசெட் எப்படிச் சுற்றிக் கிடந்தது என்பதற்கு அந்த மேடே சாட்சி.

வேகத்தின் கதை வேறு. நாடாவில் நேரம் நீளமாக மாறிவிடுகிறது. ஒரு விநாடிப் பாட்டுக்கு 4.76 சென்டிமீட்டர் என்பது ஒப்பந்தம். பதிவு செய்த மெஷின் கொஞ்சம் வேகமாக ஓடி, ஒரு விநாடியை 5 சென்டிமீட்டரில் எழுதிவிட்டால், ஒழுங்கான மெஷின் அதைக் கடக்க 1.05 விநாடி எடுக்கும். மூன்று நிமிடப் பாட்டு ஒன்பது விநாடி நீளும். கூடவே சுருதியும் 5 சதவீதம் இறங்கும். ஆர்மோனியத்தில் அரைக்கட்டை என்பது ஏறத்தாழ 6 சதவீதம், அதற்குச் சற்றுக் குறைவு. மோட்டாரில் வேகத்தைத் திருத்துகிற ஒரு சின்னத் திருகாணி பிசகியிருந்தாலே இது நடக்கும். இதில் ஒரு வேடிக்கை, அதே மெஷினில் பதிந்து அதிலேயே போட்டுக் கேட்டால் ஒரு பிழையும் தெரியாது. எங்கள் கசெட்டையும் ஃபோன் பிரதியையும் பக்கத்தில் வைத்து அளந்தபோது கிட்டத்தட்ட இதே அளவு வித்தியாசம். கடைக்காரர் எங்களுக்குக் கொடுத்தது கொஞ்சம் கனத்த குரலுள்ள, ஆறுதலாகப் பாடும் வேறொரு மனோகரனை.

இனி சைக்கிள். 1990இல் யாழ்ப்பாணத்தில் போரால் கரண்ட் போனது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். அந்த வருடங்களில் அங்கே பாட்டும் செய்தியும் சைக்கிள் டைனமோவில்தான் ஓடின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து இரண்டு வயரை இழுத்து, இடையில் மின்னோட்டத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற ஒரு டயோடு போட்டு, கையால் பெடலைச் சுற்ற வேண்டும். டைனமோவுக்குள் கம்பிச்சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் சுழலும். கசெட்டில் கம்பிச்சுருளைத் தாண்டிக் காந்தம் பூசிய நாடா ஓடும். அதே பாரடே, ஒரே வீட்டில் இரண்டு இடத்தில் வேலை பார்த்தார். ஒரு பக்கம் அண்ணனின் கை மின்சாரமானது, மறுபக்கம் மனோகரனின் குரல் மின்சாரமானது.

மோட்டாரின் வேகத்தைச் சீராக வைக்க உள்ளே ஓர் ஏற்பாடு உண்டு. ஆனால் மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் அதுவும் கைவிட்டுவிடும். அண்ணனுக்குக் கை உளையும்போது மனோகரனுக்குத் தொண்டை கட்டும். "விடாதை, விடாதை, சுத்து!" என்று எல்லோரும் கத்துவோம். பாட்டு மெல்ல நிமிர்ந்து எழும்பும். பின்னால் சுற்றுவதற்கு மட்டும் டைனமோவை வீணாக்குவதில்லை, பேனாவை நுழைத்துக் கையாலேயே சுற்றிவிடுவோம்.

கடைக்காரரின் பிழை நாடாவில் இருக்கிறது, இன்றைக்கும் அளக்கலாம். அண்ணனின் கை உளைச்சல் நாடாவில் இல்லை. அது எங்கள் தலைக்குள்தான் இருக்கிறது.

தலைக்குள் அவ்வளவு துல்லியமாக இருக்குமா என்று கேட்கலாம். உளவியல் ஆய்வாளர் டேனியல் லெவிட்டின் 1994இல் வெளியிட்ட ஆய்வில், 46 பேரிடம் தங்களுக்குப் பிடித்த பாட்டொன்றை நினைவிலிருந்து பாடச் சொன்னார். இரண்டு முயற்சியில் ஒன்றிலாவது 40 சதவீதம் பேர் மூலப்பாட்டின் சுருதியிலேயே பாடினார்கள். 2003இல் டொரொண்டோவில் ஷெல்லன்பெர்க், ட்ரெஹப் இருவரும் பழகிய தொலைக்காட்சி முகப்பு இசையை அரைக்கட்டை ஏற்றியும் இறக்கியும் போட்டு, எது சரியானது என்று கேட்டார்கள். 58 சதவீதம் பதில்கள் சரியாக இருந்தன. ஒரு முழுக்கட்டை மாற்றியபோது 70 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 கிடைக்கும் என்பதால் 58 பெரிய எண் இல்லைதான். ஆனாலும் சாதாரணக் காதுகளும் பழகிய பாட்டின் சுருதியைப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதற்கு அது போதும். அப்பாவுக்கு ச-ப-ச தெரியாது, ஆள் அவசரப்படுவது தெரிந்தது.

அது அவருடைய இளவயதுப் பாட்டு, அவருக்குத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. எனக்கு ஏன்? இதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. கேரல் கிரம்ஹான்சலும் ஜஸ்டின் ஜுப்னிக்கும் 2013இல் வெளியிட்டது. சராசரியாக 20 வயதான 62 மாணவர்களுக்கு, 1955 முதல் 2009 வரை ஒவ்வொரு வருடத்தின் முதல் இரண்டு அமெரிக்க வெற்றிப் பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். புதிய பாட்டுகளோடு கூடுதல் நினைவுகள் ஒட்டியிருந்தன, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, எண்பதுகளின் தொடக்கத்தில் எழுந்த இன்னொரு மேடு. அந்த மாணவர்கள் அப்போது பிறந்திருக்கவே இல்லை. அவர்களின் பெற்றோர் இருபதுகளில் இருந்த காலம் அது. அறுபதுகளிலும் ஒரு மேடு வந்தது. அது தாத்தா பாட்டி வழியாக வந்ததா, அறுபதுகளின் பாட்டுகளே நல்ல பாட்டுகளா என்று பிரித்துச் சொல்வது கடினம். எங்கள் வீட்டில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. இருந்தது சில கசெட்தான். தரம் பார்த்துத் தெரிவுசெய்ய என்ன இருந்தது?

உங்கள் வீட்டிலும் இப்படியொரு கசெட் இருந்து, அதைக் கணினியில் ஏற்ற நினைத்தால், முதலில் இரண்டு மூன்று தரம் முன்னும் பின்னும் முழுதாக ஓடவிடுங்கள். நிழற்பதிவு பலவீனமானது, ஓட ஓடக் கணிசமாகக் குறையும். பிறகு மென்பொருளில் வேகத்தை 5 சதவீதம் ஏற்றினால் சுருதியும் சரியாகிவிடும். நான் இரண்டையும் செய்யவில்லை.