தள்ளி முடித்த பிறகும் கை மறப்பதில்லை

வாசல் நிலைக்குள் நின்றுகொண்டு, இரண்டு புறங்கைகளாலும் நிலைக்கால்களை வெளிப்பக்கமாக அழுத்துங்கள். நல்ல பலத்தோடு, அரை நிமிடத்துக்குக் குறையாமல். பிறகு ஒரு அடி முன்னால் வந்து, கைகளைத் தொங்கவிட்டுச் சும்மா நில்லுங்கள். ஓரிரு நொடிக்கு ஒன்றும் நடக்காது. அப்புறம் இரண்டு கைகளும் மெல்லப் பக்கவாட்டில் மேலே எழும்பும். என் அக்கா மகளைச் செய்யச் சொன்னபோது, "நான் தூக்கல மாமா, அதுவே போகுது!" என்று கத்தினாள். எல்லோருக்கும் ஒரே அளவில் வராது. வந்தவர்கள் எல்லோரும் சொல்வது அவள் சொன்னதைத்தான்.

ஜெர்மானிய மருத்துவர் ஓஸ்கர் கோன்ஷ்டாம் 1915இல் இதை விவரித்தார். இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். கை எழும்பும்போது தோள் தசைமேல் மின்முனைகளை ஒட்டிப் பார்த்தால், நரம்பு வழியாகக் கட்டளை வந்துகொண்டே இருப்பது தெரியும். அதாவது தசை பழைய இறுக்கத்திலிருந்து மீளாமல் மாட்டிக்கொள்ளவில்லை. தள்ளுவதை நாம் நிறுத்திய பிறகும், நரம்பு மண்டலம் அதே தசையை மறுபடி இயக்குகிறது. மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில், நாமாகக் கை தூக்கும்போது வேலை செய்யும் மேற்புறணிப் பகுதிகள் இப்போதும் வேலை செய்வது தெரிந்தது. ஆனால் "நான் தூக்குகிறேன்" என்ற உணர்வு மட்டும் இல்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. எழும்பும் கையை நிறுத்த வேண்டும் என்று நினைத்தால் நிறுத்த முடியும். அப்போது கையைக் கீழே இழுக்கும் தசைகள் இறுகுவதில்லை. தூக்கும் தசைக்குப் போகும் கட்டளைதான் அடங்குகிறது. பிடியை விட்டதும் பலருக்குக் கை மறுபடி எழும்பத் தொடங்கும். நாம் தொடங்காத அசைவுக்குக்கூடக் கடிவாளம் நம் கையில்தான் இருக்கிறது!

சரி, இது கட்டளை போகும் பக்கம். தசைக்குள்ளும் முந்தைய இறுக்கம் தடம் பதிக்கிறது. சுமார் பத்து நொடி முழு பலத்தோடு இறுக்கிவிட்டு, உடனே நரம்புக்கு ஒரு சிறு மின்தூண்டல் கொடுத்தால், தசை முன்பைவிட வலுவாகத் துடிக்கும். இறுக்கத்தின்போது இழைக்குள் வெளியான கால்சியம் ஒரு நொதியை எழுப்புகிறது. அந்த நொதி, தசையைச் சுருக்க இழுக்கும் புரதமான மயோசின் மூலக்கூறில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. மயோசினின் தலை, அது பற்றி இழுக்கும் ஆக்டின் என்ற புரத இழையை நோக்கி நகர்ந்து நிற்பதால், அடுத்த முறை குறைந்த கால்சியத்திலேயே பிடித்து இழுக்கிறது. வேகமாகச் சுருங்கும் இழைகளில் இது அதிகம். சில நிமிடங்களில் மங்கிவிடும். அதே இறுக்கம் களைப்பையும் விட்டுச் செல்கிறது. கனமான எடை தூக்கிய பின் சில நிமிடம் ஓய்வெடுத்துவிட்டுத் தாண்டச் சொல்லும் பயிற்சியாளர்கள், களைப்பு இறங்கியும் இந்தக் கூடுதல் பலம் மறையாத இடைவெளியைத்தான் தேடுகிறார்கள்.

மூன்றாவது தடம் உணர்வில் விழுகிறது. ஒவ்வொரு தசைக்குள்ளும் அதன் நீளத்தை அளந்து சொல்லும், நூல் நூற்கும் கதிர் போன்ற வடிவமுள்ள உணரிகள் இருக்கின்றன. கண்ணை மூடினாலும் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிவது முக்கியமாக இவற்றால்தான். இவற்றுக்குள்ளும் மெல்லிய தசை இழைகள் உண்டு. அவை தக்காளி சாஸ் போல நடந்துகொள்கின்றன. பாட்டிலை அசைக்காமல் வைத்தால் சாஸ் இறுகி நிற்கும். குலுக்கினால் இளகி ஓடும். அதுபோல ஓய்வில் இருக்கும் இழைக்குள் சில இணைப்புகள் உருவாகி, அதை அந்த நீளத்திலேயே விறைக்க வைக்கின்றன. பிறகு வேறொருவர் நம் கையை மடக்கித் தசையைக் குறுக்கினால், உணரியின் இழை கூடவே குறுகாமல் தொய்ந்துபோகிறது. தொய்ந்த உணரி சரியான சேதி அனுப்பாது.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ஊவே புரோஸ்கேயும் உடன் பணியாற்றியவர்களும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். முழங்கையை நன்றாக மடக்கி, மேற்கையின் முன்பக்கத் தசையை ஒருமுறை இறுக்கித் தளர்த்துங்கள். பிறகு இன்னொருவர் அந்தக் கையைப் பாதிவரை மெல்ல நீட்டிவிடட்டும். கண்ணை மூடியிருக்கும் உங்களுக்கு, கை உண்மையில் இருப்பதைவிட அதிகமாக நீண்டிருப்பதாகத் தோன்றும். நீட்டிய நிலையில் இறுக்கிவிட்டு, அடுத்தவர் பாதிக்கு மடக்கினால் நேர்மாறாகத் தோன்றும். கை இருப்பது ஒரே கோணத்தில்தான். மாறியது அதற்கு முந்தைய இறுக்கம் மட்டுமே.

இந்தப் பிழையைத் தீர்ப்பது எளிது. கை இருக்கும் இடத்திலேயே தசையை லேசாக ஒருமுறை இறுக்கினால் போதும். பழைய இணைப்புகள் உடைந்து, புதிய நீளத்துக்கு ஏற்றபடி மறுபடி உருவாகும், தொய்வு போய்விடும். பக்கவாதம் வந்தவருடைய இரண்டு கைகளையும் ஒப்பிட்டு, கை இருக்கும் இடம் அவருக்குத் தெரிகிறதா என்று சோதிக்கும் இயன்முறை மருத்துவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அளக்கும் முன் இரண்டு கைகளையும் அவரால் முடிந்த அளவு ஒரே மாதிரி இறுக்கித் தளர்த்தச் சொல்லலாம். இல்லாவிட்டால், ஒரு நிமிடத்துக்கு முன் அந்தக் கை எதைப் பிடித்திருந்ததோ, அதையும் சேர்த்து அளந்துவிடுவோம்.