மொட்டைமாடியில் நிஜ கோல்ஃப் பந்து வேண்டாம்

ஓசூரில் பிள்ளைகளுக்கு கோல்ஃப் சொல்லித் தருகிறேன். போன வருடம் ஒரு வீட்டு மொட்டைமாடியில் பார்த்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஒன்பது வயதுப் பையன், முன்னால் வலை, காலடியில் மையம், நடு அடுக்கு, மேலுறை என்று செய்த புத்தம்புது மூன்றடுக்குப் பந்துகள். நான் படியேறி முடிப்பதற்குள் ஒரு பந்து வலையைத் தாங்கும் இரும்புக் குழாயில் பட்டு, அவன் காதோரமாகத் திரும்பிப் பறந்து, சோலார் ஹீட்டரின் கண்ணாடிக் குழாயை உடைத்தது.

"நல்ல பந்தா வாங்கித் தந்தா சீக்கிரம் கத்துக்குவான்னு நெனச்சேன் சார்" என்றார் அப்பா.

கோல்ஃப் பந்தின் குறுக்களவு குறைந்தது 42.67 மில்லிமீட்டர், எடை அதிகபட்சம் 45.93 கிராம். கிரிக்கெட் பந்தைவிட மிகச் சின்னது, ஆபத்தும் அங்கேதான். பெரிய பந்து முகத்தில் பட்டால் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு ஓரளவு தாங்கிக்கொள்ளும். இந்த அளவுப் பந்து நேராகக் கண்ணையே தாக்கும். பார்வையே போகலாம்.

ஆகவே புதிதாக வருகிறவர்களுக்கு, பெரியவர்களானாலும், வீட்டில் ஃபோம் பந்து அல்லது ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து மட்டும்தான். மேலே பட்டால் வலிக்காது என்று தெரிந்ததும் பிள்ளையின் மணிக்கட்டு இறுக்கம் தானாகக் குறைகிறது. முதல் மாதங்களில் எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் ஆடிக் காற்றில் இந்தப் பந்துகள் கண்ட பக்கம் போகும். அதைப் பார்த்து ஸ்விங்கை, அதாவது கிளப் என்கிற மட்டையை வீசும் விதத்தை, மாற்றாதீர்கள். கிளப் முகப்பின் நடுவில் பட்டதா என்று மட்டும் கவனியுங்கள். விரிசல் விட்ட பிளாஸ்டிக் பந்தை உடனே தூக்கிப் போடுங்கள்.

பத்துக்கு ஆறேழு தடவை பந்து சரியாகப் படத் தொடங்கிவிட்டால் மைதானத்தில், மையமும் மேலுறையும் மட்டும் உள்ள இரண்டடுக்குப் பந்துக்கு மாறலாம். மேலுறை கெட்டி, சீக்கிரம் கிழியாது, சுழற்சியும் குறைவு. அதனால் வலப்பக்கம் வளைந்து போகிற அடி கொஞ்சம் கட்டுப்படும். பழைய பந்து வாங்கினால் தவறில்லை, எல்லாம் ஒரே மாடலாக இருக்கட்டும். மேலே பெயின்ட் அடித்துப் புதுசு போலாக்கிய பந்து மட்டும் வேண்டாம். பந்தின் மேலுள்ள சின்னச் சின்னக் குழிகளில் பெயின்ட் படிந்தால் பறக்கும் விதமே மாறிவிடும்.

"நம்பர் 4 போட்டது பெரிய லெவலா சார்?" என்று கேட்கிறார்கள். இல்லை. யார் பந்து எது என்று அடையாளம் தெரியத்தான் அந்த எண்.

யூரித்தேன் என்கிற மென்மையான பொருளில் உறை போட்ட விலை கூடிய பந்து எப்போது? கிரீன், அதாவது குழி இருக்கிற வழவழப்பான புல்தரை, பக்கத்திலிருந்து சிப் என்கிற குட்டி அடி அடித்து, நினைத்த இடத்தில் நிறுத்தப் பழகும்போது. அந்த உறை கொடுக்கும் சுழற்சி அங்கேதான் உதவும். போட்டிக்குப் போகிறவர்கள் எந்த மாடலில் ஆடப்போகிறார்களோ அதிலேயே சிப் அடித்தும், உருட்டிக் குழியில் விட்டும் பழகுவது நல்லது.

பெங்களூரு பக்கம் டிரைவிங் ரேஞ்சுக்கு, அதாவது பந்து அடித்துப் பழகும் இடத்துக்கு, போகிறவர்கள் அங்கே தருகிற பந்தை வைத்து உங்கள் தூரத்தைக் கணக்குப் போடாதீர்கள். தேய்ந்த பந்துகள் அவை, தூரம் குறையப் பறக்கவே செய்தவையும் அவற்றில் உண்டு. நம் ஊர் மார்கழிக் காலைக் குளிரில் நல்ல பந்தே தூரம் குறைந்துதான் விழும். அதற்காகப் பந்தை மாற்ற வேண்டியதில்லை.

அந்தப் பையன் இப்போது ஆறு ஃபோம் பந்துகளோடு மாடியில் பழகுகிறான். அப்பா வாங்கிய டஜன் பெட்டி அலமாரியில் இருக்கிறது. சிப் அடிக்கச் சொல்லித் தரும் நாளில் மறுபடி எடுப்போம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.