வீட்டில் பிக்கிள்பால் ஆடுகளம்: வண்ணத்துக்கு முன் மண்ணைப் பாருங்கள்

கோவைக்கு அருகே ஒரு வீட்டின் பின்புறம் அமைக்கப்பட்டிருந்த பிக்கிள்பால் ஆடுகளத்தைப் பார்த்துச் சொல்லும்படி சென்ற ஆண்டு என்னை அழைத்தார்கள். கடினமான சிறு மட்டையால் பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேலே அடித்து ஆடும் ஆட்டம் பிக்கிள்பால். நீலமும் பச்சையுமாக வண்ணம் பூசிக் கோடு போட்டு ஆறு மாதங்கூட ஆகியிருக்கவில்லை. அதற்குள் வலைக்கு அடியில் நாணயம் நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடியிருந்தது. மேல்பூச்சு பல இடங்களில் உப்பி உரிந்திருந்தது. வீட்டுக்காரர் பூச்சின் தரத்தைத்தான் சந்தேகித்தார். ஓரத்தில் தோண்டியபோது, கரிசல் மண்ணின் மேல் நேராகவே நான்கு அங்குலக் கான்கிரீட் போட்டிருந்தது தெரிந்தது. மழையில் பருத்து வெயிலில் சுருங்கும் அந்த மண்ணின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பூச்சும் நிலைத்திருக்காது.

ஆடுகளம் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் பேசுவது நிறத்தைப் பற்றியே. நான் முதலில் கேட்பது இடத்தின் நீள அகலத்தை. கோடுகளுக்கு உட்பட்ட களம் 20 அடி அகலமும் 44 அடி நீளமும் கொண்டது. ஓடவும் பின்வாங்கவும் இடம் சேர்த்தால் குறைந்தது 30க்கு 60 அடி வேண்டும். 34க்கு 64 அடி கிடைத்தால் நல்லது. ஏறத்தாழ ஐந்து சென்ட். சென்னையில் 40க்கு 60 என்று அமைந்த ஒரு கிரவுண்டு மனை முழுவதும் காலியாக இருந்தாலும், நீளத்தில் குறைந்தபட்ச அளவுதான் தேறும். இடம் போதவில்லை என்று பின்கோட்டுக்கும் மதிலுக்கும் இடையில் மூன்றடி மட்டும் விட்டுக் கட்டச் சொல்கிறவர்கள் உண்டு. அதற்கு நான் உடன்படுவதில்லை. உயரப் பந்தைத் தொடரப் பின்னோக்கி ஓடுகிறவர் சுவரைப் பார்ப்பதில்லை, இந்த ஆட்டத்தை வீட்டில் விரும்பி ஆடுகிறவர்களிலோ அறுபதைக் கடந்தவர்கள் பலர்.

களத்தின் நீளவாக்கு வடக்கு தெற்காக அமைய வேண்டும். இல்லாவிட்டால் காலையிலும் மாலையிலும் ஒரு பக்கத்தவரின் கண்ணில் வெயில் விழும். அடுத்த வீட்டுப் படுக்கையறைச் சன்னல் எங்கே இருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். கடினமான மட்டையில் பிளாஸ்டிக் பந்து படும் ஓசை கூர்மையானது, விட்டுவிட்டு வருவதால் காதை உறுத்துவது. குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் வகுத்துள்ள ஒலி வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல். வலைக்கம்பி வேலி பந்தைத் தடுக்குமே தவிர ஓசையைத் தடுக்காது.

வீட்டில் பழைய ஷட்டில் களம் இருந்தால் அதையே மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். 1965இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு பழைய ஷட்டில் களத்தில்தான். அளவும் அதே 20க்கு 44. வலையை மட்டும் ஓரங்களில் 36 அங்குலமும் நடுவில் 34 அங்குலமுமாகத் தாழ்த்தினால் போதும் என்று தோன்றும். ஆனால் ஷட்டில் தரையில் பட்டு எழுவதில்லை, ஆகவே தரையின் மேடுபள்ளம் அங்கே ஆட்டத்தைக் கெடுக்காது. பிக்கிள்பாலில் சர்வீசும் அதற்கான பதிலடியும் தரையில் பட்டே எழ வேண்டும் என்பது விதி. பழைய தரையைச் சோதிக்காமல் கோடு மட்டும் போடுவது வீண்.

மொட்டை மாடி யோசனையில்தான் எனக்குக் கவலை அதிகம். ஆட்கள் நடமாடும் சாதாரண மாடிக்கு இந்தியத் தர விதி வைக்கும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. மாடியைச் சமப்படுத்த மூன்று அங்குலக் கான்கிரீட் போட்டால், அதன் எடை மட்டுமே சதுர மீட்டருக்கு 180 கிலோவைத் தொடும். குதித்து ஓடும் நால்வரும் வேலிக் கம்பங்களும் அதற்கு மேல். கட்டமைப்புப் பொறியாளர் வரைபடத்தைச் சரிபார்த்து எழுத்தில் ஒப்புதல் தராமல் மாடியில் ஒரு சட்டி கலவைகூடக் கொட்டக்கூடாது.

தரைத்தளத்தில் கரிசல் மண் இருந்தால் அதை வெட்டி அகற்றி, கிராவலை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் நீர் தெளித்து ரோலர் ஓட்ட வேண்டும். கான்கிரீட்டுக்குக் கீழே பாலித்தீன் விரிப்பு போடாவிட்டால் மண்ணின் ஈரம் மேலேறிப் பூச்சைத் தள்ளிவிடும். மழைநீர் வடிவதற்கான வாட்டம் பத்தடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், ஒரு பக்கவாட்டிலிருந்து மறு பக்கவாட்டுக்கு ஒரே தளமாகச் சரிய வேண்டும்; 30 அடிக்கு மூன்று அங்குலம். வலைக்கு அடியில் மேடாக்கி இரு புறமும் சரிப்பது வழக்கமான தவறு. நம் கொத்தனார்கள் தளத்தைக் கண்ணாடி போல இழைத்துத் தருவதைக் கைத்திறனாக நினைக்கிறார்கள், வேறு இடத்தில் அது உண்மையும்கூட. இங்கே அந்த வழவழப்பில் அக்ரிலிக் பூச்சு பற்றாது. துடைப்பத்தால் இழுத்த சொரசொரப்பு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு பாத்தி கட்டி நீர் தேக்கி ஆற்றி, கான்கிரீட் போட்டு 28 நாள் ஆன பின்பே பூச்சைத் தொட வேண்டும். வீட்டில் விசேஷம் வருகிறது, பத்து நாளில் முடியுங்கள் என்று கேட்கும்போது மறுப்பது கடினம், ஆனாலும் மறுக்கிறேன்.

கோவை வீட்டில் பழைய தளத்தை முழுவதும் பெயர்த்தெடுத்து, இரண்டடி ஆழத்துக்கு மண்ணை மாற்றினோம். வண்ணத்துக்கு முன் புதுத் தளம் முழுவதும் நீர் விட்டு, வெயிலில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். தெற்குப் பின்கோட்டருகே இரண்டு இடங்களில் ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு மேல் நீர் தேங்கி நின்றது. வீட்டுக்காரரே சாக்பீஸால் அவற்றைச் சுற்றிக் கோடிட்டார். அந்த இரண்டையும் நிரப்பி, மறுபடி நீர் விட்டுப் பார்த்த பிறகுதான் வண்ண டின்களைத் திறந்தோம்.