கரும்புக்குள் பத்து ஏடு

இலங்கையின் அம்பாறை மாவட்டத்து ஹிங்குரானைப் பக்கம் போனால் நெல் வேளாண்மையும் கரும்பும் அருகருகே நிற்கும். இரண்டும் புல் குடும்பம்தான். ஆனால் நெல்லின் மரபணு வரைபடம் 2005இலேயே வந்துவிட்டது. இன்றைய கலப்பினக் கரும்பு ஒன்றுக்கு முழு வரைபடம் வர 2024 ஆனது.

நெல்லுக்கு 24 நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்): தாய்வழி ஒரு பிரதி, தகப்பன்வழி ஒரு பிரதி. கரும்பின் கதை வேறு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாவாவிலும் கோயம்புத்தூரிலும் இனிப்புக் கரும்பை நாணலோடு கலந்தார்கள். இனிப்புக் கரும்புக்கே 80 நிறமூர்த்தங்கள், எட்டுப் பிரதிகள். நோயைத் தாங்கும் சக்தி நாணலிலிருந்து வந்தது. கூடவே அதன் நிறமூர்த்தங்களும் வந்து சேர்ந்தன. இப்போது வயலில் நிற்கும் கரும்பில் 100 முதல் 130 வரை இருக்கும், ஒவ்வொரு வகையிலும் ஏறக்குறையப் பத்துப் பிரதிகளாக. கரணை வெட்டி நடுவதால் இந்தக் குழப்பம் குலையாமல் அடுத்த போகத்துக்கும் போகிறது.

அளவு பெரிது என்பதல்ல சிக்கல். கரும்பின் டிஎன்ஏவில் சுமார் 1000 கோடி எழுத்து என்றால் கோதுமையில் 1600 கோடி. அதுவும் பல பிரதிகள் கொண்ட பன்மடியப் பயிர்தான், ஆனாலும் 2018இல் முடித்துவிட்டார்கள். கோதுமைக்குள் இருக்கும் மூன்று புல்லினங்களும் ஒன்றுக்கொன்று போதிய அளவு வேறுபட்டவை. கரும்பின் பிரதிகளோ கிட்டத்தட்ட அச்சு அசல் ஒன்றுபோல.

வைகாசியில் கண்ணகி கோயில்களில் படிக்கிற ஏட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கதை ஒன்றுதான், எழுதிய கை ஊருக்கு ஊர் வேறு. ஓரிடத்தில் ‘ர’ ‘ற’ ஆகியிருக்கும், ஓரிடத்தில் ஒரு வரி விட்டுப்போயிருக்கும். இப்படிப் பத்து ஊர் ஏட்டையும் ஒரே பெட்டியில் கொட்டித் தூள்தூளாக நறுக்கிவிட்டு, ஒவ்வோர் ஊர் ஏட்டையும் தனியே கட்டித் தா என்றால்? பழைய கருவிகள் 150 எழுத்து அளவுத் துண்டுகளைத்தான் படித்தன. ‘மதுரை’ என்று மட்டும் உள்ள துண்டு எந்த ஊருடையது என்று யார் சொல்வது? கணினி பத்தையும் ஒன்றாக ஒட்டி, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத கலவை ஏடு ஒன்றைக் கையில் தரும்.

இப்போதைய கருவிகள் ஒரே மூச்சில் 15,000 எழுத்துக்கு மேல் படிக்கின்றன. அவ்வளவு நீளத்தில் எழுதியவரின் கைப்பிழை இரண்டு மூன்றாவது அகப்படும், அதை வைத்து ஊரைப் பிடிக்கலாம். ஆனால் படிக்கிற கருவியும் பிழை விடக்கூடாது, விட்டால் அது புது ஊர்போலத் தெரியும். அப்புறம், உயிரணுவுக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் டிஎன்ஏ இழைகளை அப்படியே ஒட்டவைத்துப் பார்ப்பார்கள். ஒரே நிறமூர்த்தத்தில் உள்ளவைதான் அதிகம் தொடும். ஏட்டில் ஓலைகளைக் கோத்த கயிறு மாதிரி.

இதெல்லாம் வருமுன் ஒரு கெட்டிக்காரத்தனமான வழி இருந்தது: கன்றுகளை எண்ணுவது. ரீயூனியன் தீவில் உருவான ஆர்570 என்ற கரும்பு பழுப்புத் துரு நோயைத் தாங்கும். அதைத் தன்மகரந்தச் சேர்க்கை செய்தபோது, நாலில் மூன்று பங்கு கன்றுகள் நோயைத் தாங்கின. பல பிரதிகளில் இருந்திருந்தால் தாங்கும் கன்றுகள் இன்னும் அதிகமாக இருந்திருக்கும். அப்படியானால் அந்தச் சக்தி ஒரே ஒரு பிரதியில்தான் உட்கார்ந்திருக்கிறது. 1996இலேயே இது தெரியும். ஆனால் அந்தப் பிரதியைத் திறந்து, இன்ன இடத்தில் பக்கம் பக்கமாக இருக்கிற இந்த இரண்டு மரபணுக்களாகத்தான் இருக்கவேண்டும் என்று விரல்வைத்துக் காட்ட, அதே ஆர்570இன் வரைபடம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.